பெயர் எழுதாத அட்டவணை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை, எங்கள் மைசூர் ஆலையின் பர்சனல் டிபார்ட்மென்ட் கதவில் புதுப் பலகை மாட்டினார்கள். மனிதவள மேம்பாட்டுத் துறை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உள்ளே அதே மேஜை, அதே மேனேஜர், மெமோ அடிக்கும் அதே டைப்ரைட்டர். அந்தப் பலகையால் மேம்பட வாய்ப்புக் கிடைத்த ஒரே மனிதன் நான்தான். டைம் ஆபீஸில் வருகை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, டிப்ளமோ முடித்துவிட்டு வா, அசிஸ்டென்ட் வேலை தருகிறேன் என்றார் மேனேஜர்.

மைசூரிலேயே ஒரு மாலைக் கல்லூரியில் மனிதவள மேலாண்மை டிப்ளமோவில் சேர்ந்தேன். வகுப்பில் இருபது பேர். எல்லோரும் ஏதோ ஓர் ஆலையில் பகல் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு, அடுத்தவரை நிர்வகிப்பது எப்படி என்று கற்க வந்தவர்கள். ஆசிரியர் முதல் நாளே பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து மனிதனின் தேவைகளை ஐந்து மாடியாக அடுக்கினார். கீழே சோறு, உச்சியில் தன்னிறைவு. அவர் மூன்றாம் மாடி ஏறுவதற்குள் பாதி வகுப்பு தூங்கிவிட்டது. நான் தூங்கவில்லை. அசிஸ்டென்ட் நாற்காலி கண்ணுக்குள்ளேயே நின்றது.

புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்காமல் டிப்ளமோ கிடைக்காது. தொழிலாளர்கள் லீவு எடுப்பதன் காரணங்கள் என்று தலைப்பு வைத்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தலைப்புதான். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஐம்பது கேள்விப் படிவங்களையும் தாங்களே வெவ்வேறு நிறப் பேனாவில் நிரப்பிக்கொண்டார்கள். நான் மட்டும் புத்தி கெட்டுப்போய், தொழிலாளர்களிடமே போய்க் கேட்டேன்.

பெயின்ட் பிரிவில் என் தாய்மாமா இருந்தார். மேனேஜரின் வீட்டு வாசல் வரை நடையாய் நடந்து எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர். கேன்டீனில் படிவத்தை விரித்ததும் டீயைத் தள்ளி வைத்தார்.

"உண்மையச் சொல்லோணுமா மாப்ளே?"

"உண்மையத்தான் சொல்லோணும் மாமா. பேரே எழுத மாட்டேன். ரகசியமா வெச்சுக்கோணும்னு பாடத்துலயே இருக்குது."

"அப்ப எழுதிக்க. போன மாசம் மூணு நாள் காய்ச்சல்னு டாக்டர் சீட்டுக் குடுத்தேனே, அது காய்ச்சல் இல்ல. ஊர்ல, மார்டள்ளில, ராகி அறுப்பு. அண்ணன் ஒண்டியா நின்னாரு, ஆள் கெடைக்கல."

சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். அன்றிரவே அட்டவணை போட்டேன். அடிக்குச்சி வைத்துச் சிவப்பு மையில் கோடு கிழித்து, வரிசை எண், பிரிவு, வயது, சர்வீஸ், சொந்த ஊர், சொன்ன காரணம், உண்மைக் காரணம் என்று ஏழு கட்டங்கள். நான்காவது வரிசையில் பெயின்ட் பிரிவு, நாற்பத்தெட்டு வயது, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், மார்டள்ளி. பெயின்ட் பிரிவில் மார்டள்ளிக்காரர் ஒரே ஒருவர்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பெயரை விட்டுவிட்டதால் ரகசியம் காத்துவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ரிப்போர்ட்டில் மேனேஜர் கையெழுத்து வேண்டும். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடும் மனிதர், இதை மட்டும் கடைசிப் பக்கம் வரை படித்தார். எல்லோர் மேலும் நடவடிக்கை எடுத்தால் ஆலை நின்றுவிடும் என்று, மாதிரிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த வாரம் மாமாவுக்குக் குற்றப்பத்திரிகை போனது. பொய் மருத்துவச் சான்று கொடுத்த குற்றம் நிரூபணமானால் வேலையே போகலாம்.

விசாரணையை மேனேஜரே நடத்தினார். உனக்கு நல்ல பிராக்டிகல் பயிற்சி என்று சொல்லி, நடப்பதை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து நின்றார். என் வகுப்புத் தோழர்களைப் போல நானும் எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து கற்பனையாகத்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். டிப்ளமோவும் நாற்காலியும் அதோடு போய்விடும். நான் தலையைக் குனிந்து தேதி எழுதினேன்.

மேனேஜர் அட்டவணையைத் திருப்பி நான்காவது வரிசையில் விரலை வைத்து, "ஏனப்பா, இது நீனேனா?" என்று கன்னடத்தில் கேட்டார். மாமாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்தார். அது அவரில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் பேனாவை உதறி மை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

"நான்தானுங்க," என்றார் மாமா தமிழிலேயே. "அவரு எழுதுனது சரிதான்."

அதையும் அப்படியே எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் குற்றம் சாட்டப்பட்டவரின் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. பக்கத்தைப் புரட்டிப் புரட்டி நானே வாங்கினேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸைப் பார்த்து, பத்து நாள் சஸ்பென்ஷனோடும் எச்சரிக்கையோடும் விட்டார்கள். வேலை தப்பியது. என் கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாக மேனேஜர் பாராட்டினார். வகுப்பிலேயே என் ரிப்போர்ட்டில்தான் நிஜத் தொழிலாளி தெரிகிறான் என்று சொல்லித் தேர்வாளர் முதல் வகுப்பு கொடுத்தார்.

ரிசல்ட் வந்த அன்று அம்மா மைசூர்பாகு வாங்கிக் கொடுத்து, முதலில் மாமாவிடம் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினாள். நடந்தது எதையும் மாமா அவளிடம் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அது ஒன்றுதான் நாற்காலி.

"பாஸாயிட்டேன் மாமா," என்றேன்.

எழுந்தார். தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்தார். "சந்தோஷமுங்க சார். உட்காருங்க."

கிண்டலாக இருந்தால் தேவலை என்று அவர் முகத்தில் தேடினேன். கிண்டல் இல்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான் உட்காருவதற்காகக் காத்து நின்றார்.