பத்து அறை, பதினோரு குடும்பம்

தொண்ணூறுகளில் திருவண்ணாமலை லாட்ஜ் ஒன்றில் மேலாளராக இருந்தேன். அறை சொல்லி வைத்தவர்களில் ஐந்தில் ஒருவர் வருவதில்லை என்று பழைய பதிவேடு காட்டியது. பத்து அறைக்குப் பதினோரு குடும்பத்துக்குச் சொன்னால், அத்தனை பேரும் வந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு? கல்லூரியில் படித்த ஈருறுப்புப் பரவல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. துணிந்து, கார்த்திகை தீபத்துக்குப் பதினோரு குடும்பத்துக்குச் சரி சொல்லிவிட்டேன்.

தீபத்தன்று மதியத்துக்குள் பத்து அறையும் நிரம்பிவிட்டது. ஊரில் வேறெங்கும் இடமில்லை. வாசலில் ஆட்டோ நின்றபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். நாலு மணிக்கு, கைக்குழந்தையோடு மகளை அழைத்துக்கொண்டு ஒரு அம்மா மழையில் நனைந்தபடி வந்தார்.

"முன்னாடியே ரூம் சொல்லி வெச்சோமுங்க."

பதிவேட்டில் அவர் பெயர் பதினோராவதாக இருந்தது. மூன்றாம் அறைக்காரர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க ரூமைக் குடுத்துடுங்க. நாங்க வராண்டாவுல இருந்துக்கிறோம்."

பிறகு அந்த மூன்றாம் அறைக்காரரிடம் மட்டும் என் கணக்கைச் சொன்னேன்.

"அது சாதாரண நாள் கணக்குங்க. தீபத்துக்கு யாரு வராம இருப்பாங்க?" என்றார்.

தலைகுனிந்தேன். சூத்திரம் சரிதான், அதில் நான் போட்ட எண் அந்த நாளுக்கானதல்ல.

மறுநாள் கிளம்பும்போது அந்த அம்மா, "உங்க புண்ணியம்" என்று என்னைக் கும்பிட்டார். அறை இல்லாமல் போனதே என் கணக்கால்தான் என்று நான் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.