பம்புக்காரரின் வாசல்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில், இரண்டு மணி நேர மழைக்கே பீளமேட்டுத் தெருக்கள் மூழ்கின. செய்தி சேகரிக்கப் போனபோது அவரைப் பார்த்தேன். பம்புசெட் பட்டறை முதலாளி. மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் டெஸ்டர். தாம் செய்த பம்பையே டீசல் எஞ்சினில் பூட்டி, பட்டறைக்குள் முழங்கால் அளவு நின்ற தண்ணீரைத் தெருவுக்கு இறைத்துக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை பம்பைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார்.

இறைத்த தண்ணீர் கேட் வழியாகத் திரும்பி உள்ளேயே வந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில், செம்புக் கம்பிக் காயில் கட்டி முடித்த மோட்டார்கள் இருந்தன. மேல்தட்டுகளில் இடமில்லை. தண்ணீர் அவற்றுக்கு நான்கு விரல் கீழே நின்றது.

“ஏனுங்க, தண்ணி திரும்பி உள்ளதானுங்க வருது?” என்றேன்.

“வரட்டுங்க. பம்பு கொஞ்சமாச்சும் திணறுதான்னு பாருங்க!”

லாரி ஏறுவதற்காக வாசலில் அவர் போட்டிருந்த சிமெண்ட் சரிவு, சாக்கடையை அடைத்திருந்தது. தொழிலாளி ஒருவர் கடப்பாரையோடு காத்திருந்தார்.

“இதை இடிச்சுப்போட்டா வடிஞ்சிருமுங்க மொதலாளி.”

“சும்மா இருப்பா. நாமளே இடிச்சா தப்பு நம்முளுதுன்னு ஆயிப்போயிருமல்லோ? கார்ப்பரேசன்காரன் வந்து இடிக்கட்டும்.”

யாரும் வரவில்லை. அரை மணி நேரத்தில் கீழ்த்தட்டு மூழ்கியது. முதலாளி ஒரு மோட்டாரைத் தூக்கிச் சாய்த்தார். காயிலிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்போதும் கடப்பாரையைக் கேட்கவில்லை.

எரிச்சலோடு வெளியே வந்தேன். சாக்கடையை அடைக்காத வாசல் ஒன்றாவது இருக்கிறதா என்று தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்றுகூட இல்லை.