அம்மா உதறிய வேட்டி

வளைகுடாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலில் மணற்காற்று. அல் குசைஸ் முழுக்க மஞ்சளாகிக் கிடந்தது. எதிர்க் கட்டடம்கூடத் தெரியவில்லை. ஃபோர்மேன் ஏசி பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடி போனை நீட்டினார். "பாருங்கப்பா, ஆப்ல பச்சை காட்டுது. காத்து நல்லாத்தான் இருக்கு. யல்லா, ஏறுங்க. சைட்டுக்கு லேட்டாவுது."

என் பல்லிடுக்கில் தூசி நறநறத்தது. எனக்கு அது பழக்கம்தான். ஊரில் சிமெண்ட் ஆலைக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடினாலும் சோறு நறநறக்கும். அப்பா முதல் கவளத்தை மென்றுபார்த்து, "இன்னிக்கு மேக்காத்து" என்பார்.

ஒருநாள் காற்றை அளக்க அதிகாரி ஒருவர் மெஷினோடு வந்தார். அன்று பார்த்து ஆலை புகையே விடவில்லை. "காத்து சுத்தமாத்தான் இருக்கும்மா" என்று எழுதத் தொடங்கினார். முந்தின நாளிலிருந்து கொடியில் கிடந்த அப்பாவின் வெள்ளை வேட்டியை அம்மா உருவிவந்து, அவர் முகத்துக்கு நேரே உதறினாள்.

"இதையும் எழுதிக்கங்க சார்."

எழுதினாரா, தெரியாது. நன்றாக இருமினார்.

நான் கேம்ப் கொடியிலிருந்து என் துண்டை எடுத்துக்கொண்டு பஸ் படியேறினேன். ஃபோர்மேனின் மடிக்கு மேலே ஓங்கி உதறினேன். போன் திரையில் மணல் கொட்டியது. அதற்கடியில் இன்னமும் பச்சைதான்.

"டேய், வேலை போயிரும்டா!" இருமிக்கொண்டே கத்தினார்.

"போனாப் போவுது. இன்னிக்கு நான் ஏறல. கலாஸ்."

திரும்பினேன். கேம்ப் வாசலில் என் ரூம்காரர்கள் ஒன்பது பேரும் ஆளுக்கொரு துண்டோடு நின்றிருந்தார்கள்.