மஞ்சள் படிகம் சிவந்த மதியம்

புனேயில் பல கல்லூரிகளும் நிறுவனங்களும் பொதுவாகப் பயன்படுத்தும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு மாதம் ஒருமுறை போவேன். கல்லூரியில் பாடம் நடத்துகிற எனக்கு ஆராய்ச்சி என்பது அந்த ஒரு நாள்தான்.

அங்கே உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கருவி ஒன்று உண்டு. செல் என்போம். அதற்குள் இரண்டு வைரங்கள் முனைக்கு முனை பார்த்து நிற்கும். நடுவில் மெல்லிய தகடு, அதில் ஊசிமுனையைவிடச் சிறிய துளை. துளைக்குள் படிகத் துணுக்கை வைத்து, துளி எண்ணெய் விட்டு, திருகுகளை முறுக்கினால் பூமியின் அடியாழத்து அழுத்தம் அதற்குள் உண்டாகும். அந்த அழுத்தத்தில் என் மஞ்சள் படிகம் நிறம் மாறும் என்று நம்பியிருந்தேன். ஆனால் எண்ணெய் விட்டதுமே துணுக்கு மிதந்து வெளியே ஓடிவிடும். விஷ்ராந்த்வாடியில் இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்புவேன்.

போன மழைக்காலத்தில் பக்கத்து மைக்ரோஸ்கோப்பில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வேறொரு நிறுவனத்து ஆராய்ச்சி மாணவி, திருநெல்வேலிக்காரி. தன் இமைமுடி ஒன்றைக் குச்சி நுனியில் ஒட்டி வைத்திருந்தாள். அதைக்கொண்டு துணுக்கைத் தொட்டு எடுத்து முதல் முயற்சியிலேயே துளைக்குள் இறக்கிவிட்டாள். யாரையும் எளிதில் பாராட்டாத, ஆய்வுக்கூடத்தின் மராட்டியப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்து, "ஏக்தம் மஸ்த்," என்றார். என்னிடம் அவர் சொல்வதெல்லாம், அவசரப்படாதீர்கள் என்கிற "மேடம், ஆராம் ஸே," மட்டும்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் கை மட்டுமல்ல, அவள் தமிழும் உறுத்தியது. நான் இங்கேயே, புனே கண்டோன்மென்ட் பக்கம் பிறந்தவள். சர்ச் ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுதப் படித்தேன்; பேச வாய் திறந்தால் பாதி இந்தி.

அடுத்த மாதமும் என் துணுக்கு ஓடியது. மதியம் பொறுப்பாளர் அவளிடம், மேடத்துக்கு உதவும்படி சொன்னார். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"நான் வைக்கட்டாக்கா?" என்றாள்.

"டீக் ஹை, வை. ஜல்தி வேணாம்."

வைத்தாள். எண்ணெய் விட்டாள். துணுக்கு அசையவில்லை. அவள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்திருக்க, நான் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

"அக்கா, செவப்பாயிட்டு," என்றாள் மெதுவாக.

நான் குனிந்து பார்த்தபோது படிகம் முழுக்கச் சிவந்திருந்தது. மாறிய அந்தக் கணம் அவளுடையதாகிவிட்டது. அழுத்தத்தைக் குறைத்து, மஞ்சள் திரும்பியபின், மறுபடி முறுக்கி நானே பார்த்தேன். ஓரத்திலிருந்து சிவப்பு பரவியது. அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டாவதாகப் பார்த்தவள் நான்.

கட்டுரை எழுதும்போது அவள் பெயரையும் சேர்ப்பதாகச் சொன்னேன்.

"எதுக்குக்கா? எண்ணெதானே விட்டேன். ஒங்க வேலைல்லா இது."

அவள் கொஞ்சம் பேராசைக்காரியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். பிடிவாதமாகப் பெயரைச் சேர்த்தேன். கட்டுரை வெளிவந்த அன்று பொறுப்பாளர் போன் செய்து வாழ்த்தினார். நன்றி சொல்லி வைத்த கையோடு அவளைக் கூப்பிட்டேன்.

"சார் உனக்குப் போன் பண்ணாரா?"

"ஆமாக்கா, காலையிலேயே பண்ணிட்டாவ."

எனக்கு அவர் போன் வந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.