முதலில் யார் கூரை?

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக் கூரையைப் பிய்த்துப் போட்டார்கள். போடச் சொன்னது நான்தான்.

இரும்புலியூரில் எங்கள் தெருவில் பதினாலு வீடு. எல்லாம் கீற்றுக் கூரை, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். பம்மல் பக்கம் ஒரு தெரு எரிந்தது என்று கேள்விப்பட்டதும், போன மாசம் கூட்டம் போட்டோம். வாத்தியார் எட்வின் சார் நோட்டில் எழுதினார். வாசலுக்கு ஒரு வாளி மணல். ஒரு குடம் தண்ணீர். கூரையை இழுக்க, நீள மூங்கிலில் கொக்கி மாட்டிய துறட்டி நாலு.

நான் ஒன்று கேட்டேன். "சார், நடுவுல ஒரு கூரைய இழுத்துப் போட்டாத்தான் தீ நிக்கும். யார் வூட்ட இழுக்கிறது?"

பக்கத்து வீட்டு மணியக்கா சீறினார். "வாயக் கழுவுடா! வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னா பேச்சு இது?"

சார் நோட்டை மூடிவிட்டார். யார் வீட்டுப் பேரைச் சொல்வது? சொன்னால் பலித்துவிட்டால்...?

செவ்வாய், காலை பதினோரு மணி. டிரங்க் ரோட்டுக் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். தெருப் பக்கம் புகை. ஓடினேன்.

மேற்குக் கடைசி வீடு எரிந்துகொண்டிருந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. ஆனால் காற்று மேற்கிலிருந்து. அடுத்தது மணியக்கா வீடு. அதற்கடுத்தது என்னுடையது. அப்புறம் பதினோரு வீடு.

தீயணைப்பு வண்டிக்குச் சொல்ல ஒருவன் சைக்கிளில் போயிருந்தான். மணல் வாளி ஒன்றில் கோழி அடைகாத்தது. வாளியோடு நாங்கள் ஓட, கோழி எங்கள் பின்னால் ஓடி வந்தது.

துறட்டிக்காரர்கள் நாலு பேரும் மணியக்கா வீட்டு முன்னால் நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள். வாசலை மறித்துக்கொண்டு மணியக்கா. உள்ளே மருமகளும், பிறந்து எட்டு நாளான குழந்தையும்.

"கூரைய எவனாவது தொட்டீங்க... நடக்கிறதே வேற! புள்ள பெத்தவ உள்ள கீறா!"

"அவங்கள வெளிய வரச் சொல்லுக்கா!"

"வந்தா இழுத்துடுவீங்க!"

அவர் கூரைமேல் பொறி விழ ஆரம்பித்தது. யாரைக் கேட்பது? நோட்டில்தான் எழுதவில்லையே.

"என்னுத இழுங்கடா" என்றேன்.

"மச்சான், தெரிஞ்சுதான் சொல்றியா?" என்றான் துறட்டிக்காரன் ஒருவன்.

துறட்டியைப் பிடுங்கி என் கூரையில் நானே மாட்டினேன். "அக்கா, உன் வூட்டத் தொடல. கொழந்தையத் தூக்கிக்கினு வா."

மணியக்கா என் கூரையைப் பார்த்தார். கீற்று சரிந்தது. உள்ளே ஓடினார்.

மூன்று பேரும் தெருமுனைக்குப் போவதற்குள் அவர் வீடு பற்றிக்கொண்டது. பிய்த்த கீற்றை எல்லாரும் அப்பால் இழுத்துப் போட்டார்கள். தீ என் மண்சுவர்வரை வந்தது. தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். சார் நோட்டைத் திறந்தார். பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த மணியக்காதான் முதலில் பேசினார்.

"எழுதிக்கோ சார். மேக்காலக் காத்தடிச்சா மொதல்ல என் வூடு."

"உனக்குத்தான் கூரையே இல்லியேக்கா!"

"வேயாமயா போய்டுவேன்? நீ எழுது சார்."

கிழக்கே இருந்து கடல்காற்று அடித்தால் யார் வீடு என்று சார் கேட்டார். ஒரு கை உயர்ந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

இந்தத் தடவை யாரும் வாயைக் கழுவச் சொல்லவில்லை.