தவக்காலத்தில் வாங்கிய கார்

எங்கள் குடும்பத்தின் கெட்ட நேரம் சிவப்பு நிறத்தில், கூரையில்லாமல், பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா ஹாரன் அடித்த அடியில் தெருவே வெளியே வந்துவிட்டது. அம்மா மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. "என்னங்க இது, மூடியில்லாத டப்பா மாதிரி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா வேலை பார்த்த கம்பெனியில் அவருடைய பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். கையில் கொடுத்து அனுப்பியது முழுவதும் அந்தக் காருக்குள் போயிற்று. ஏழைக்கேற்ற ஓப்பன் கார். தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. நாலு பேர் உட்காரலாம் என்பார்கள். பின்சீட்டில் உட்காருகிறவர்களுக்குக் கால் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் மாதா கோயில் கல்யாணங்களுக்கு மணப்பெண் காராக அதை வாடகைக்கு விடுவது அப்பாவின் திட்டம். கவுனும் முக்காடுமாக அலங்கரித்த பெண் மூடிய காருக்குள் ஒளிந்துகொண்டு போவானேன், தெரு முழுக்கப் பார்க்கட்டுமே என்பார். எங்கள் சாப்பாடு, வீட்டு வாடகை, என் பள்ளிக்கூடம் எல்லாம் இனி அந்தப் பின்சீட்டை நம்பித்தான்.

அவசரப்பட்டு வாங்கினார் என்று சொல்லவே முடியாது. ஊரில் உள்ள அத்தனை பேரிடமும் அபிப்பிராயம் கேட்டுத்தான் வாங்கினார், பாவி மனுஷன். இந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரேசர் டவுனில் ஒரு தர்ஷினி ஓட்டல் வாசலில் கூடுவார்கள். முதல் பூசை முடிந்த கையோடு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போவார். எனக்குக் கேசரி பாத். அவருக்கு நின்றுகொண்டே காபியும் அபிப்பிராயமும். "இந்த ரேட்டுக்கு வேற எதுல சார் தலைக்கு மேல வானம் கிடைக்கும்?" என்பார் மஞ்சள் கார்க்காரர். "மைலேஜ கேக்காதீங்க, ஃபீலிங்க கேளுங்க" என்பார் இன்னொருவர். ஸ்கூட்டரில் வந்து போகும் ஒரு ஐடி இளைஞன் இருந்தான். அவனிடம் காரே கிடையாது. அதனால் அபிப்பிராயம் எல்லாரையும்விட அதிகம்.

வீட்டிலும் சாப்பிடும்போது, கார்ப் பிரியர்கள் எழுதியதையெல்லாம் அப்பா போனைப் பார்த்துப் படித்துக்காட்டுவார். ஒரு மகானுபாவர், இது கார் அல்ல, காதல் என்று எழுதியிருந்தார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மழை வந்தா காதல் என்ன பண்ணுமாம்?" என்றாள். அடுத்த ஞாயிறு அப்பா அதையும் கேட்டார். மடித்து வைத்திருக்கும் கான்வாஸ் கூரையை இழுத்துப் பட்டன் போட்டுவிட்டால் போதும், ஒரு சொட்டு கூட வராது என்று அத்தனை பேரும் அடித்துச் சொன்னார்கள்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. எங்கள் ஆட்கள் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கார் வந்தது தவக்காலம் தொடங்கிய வாரத்தில். ஈஸ்டர் வரைக்கும் காருக்கு வேலையில்லை, துடைத்துத் துடைத்து வைத்தோம். அந்த வாரங்களில் பெங்களூரில் மழையும் இல்லை, வறட்டு வெயில். பிறகு ஈஸ்டர் முடிந்து கோயில்களில் கல்யாணங்கள் வரிசை கட்டும் நேரத்தில்தான் இந்த ஊர் வானமும் சாயங்காலமானால் பொத்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிற மனுஷனுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆசை வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

முதல் சவாரி அத்தை மகளின் கல்யாணம். தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று அத்தையே வலிய வந்து சொன்னாள். பூக்கூடை ஏந்தும் பெண் நான் என்பதால் முன்சீட்டில், அப்பாவின் பக்கத்தில் எனக்கு இடம். பின்சீட்டில் கல்யாணப் பெண் அக்காவும் மாப்பிள்ளையும். கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் கிளம்பினோம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று கையாட்டினார்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமிதத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆலங்கட்டிதான் முதலில் விழுந்தது. முன்னால் பஸ், பின்னால் தண்ணீர் லாரி, இரண்டு பக்கமும் டூவீலர்கள், நகர வழியில்லை. அப்பா கோட்டு சூட்டோடு குதித்து இறங்கி, "மாப்ள, அந்தப் பக்கம் பிடிங்க, இழுங்க, இழுங்க!" என்று கத்தினார். மாப்பிள்ளையும் இழுத்தார். அதற்குள் மடித்திருந்த கூரைக்குள் அண்டா கணக்கில் மழை சேர்ந்திருந்தது. இழுத்த வேகத்தில் அத்தனையும் அக்காவின் தலையில் கொட்டியது. முக்காடு முகத்தோடு ஒட்டிக்கொண்டது, கண்மை வழிந்து கவுனில் இறங்கியது. ஒருவழியாகப் பட்டன் போட்டு முடித்தால், தையல் வழியாகவும் ஒழுகியது. பஸ் ஜன்னல்களில் வீடியோ எடுக்க ஒரே போன்களாக நீண்டன. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்தான் மனசு கேட்காமல், "மேடம்ன ஆட்டோல்லி கூரிசி சார்!" என்று, ஆட்டோவில் உட்கார வைக்கச் சொல்லி, கன்னடத்தில் கத்தினார். அக்கா அழுதுகொண்டே அந்த ஆட்டோவில் ஏறி மண்டபம் போய்ச் சேர்ந்தாள்.

அந்த வீடியோ எங்களுக்கு முன்னாலேயே மண்டபத்துக்குப் போயிருந்தது. "என் பொண்ணு கல்யாணத்தை ஊரே சிரிக்க வெச்சுட்டியேடா" என்று கேட்டதோடு அத்தை எங்களோடு பேச்சை நிறுத்தினாள். காரை வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த கல்யாண வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து வேண்டாம் என்றார்கள். அம்மா, "வித்துத் தொலைங்க" என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைத்த பிறகும் ஓயமாட்டாள். அப்பா யார் யாரையோ கேட்டுப் பார்த்தார். ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. அவர் வாசல் பக்கமே போகாமல் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

பல வாரம் கழித்து ஒரு ஞாயிறு, தர்ஷினிக்குப் போகலாம் வா என்றார் அப்பா. மஞ்சள் கார்க்காரரின் சட்டையைப் பிடிக்கத்தான் போகிறார் என்று நான் உற்சாகமாக ஏறிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அங்கே எல்லாரும் வீடியோவைப் பார்த்திருந்தார்கள், ஆனால் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மஞ்சள் கார்க்காரர் தானே காபி வாங்கி வந்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

சற்று நேரத்தில் ஒரு இளம் ஜோடி, கைக்குழந்தையோடு, கார் பார்க்க வந்தது. மஞ்சள் கார்க்காரர் அவர்களை நேராக அப்பாவிடம் அழைத்து வந்தார். "எங்க எல்லார் வண்டியும் விக்கறதுக்குதான் சார். ஆனா மொதல்ல இவரு வண்டியப் பாருங்க."

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "மழைல குழந்தைய வெச்சுக்கிட்டுப் போலாமாண்ணா?" என்று கேட்டாள்.

அப்பா குழந்தையையே பார்த்தார். பிறகு, "ஒரு சொட்டு கூட வராதும்மா" என்றார்.

அவர்கள் காரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா எப்படியோ காரைச் சரிசெய்துவிட்டார்! வீட்டு வாசலில் நின்றதும் நிற்காததுமாக நான் குதித்து உள்ளே ஓடினேன். "அம்மா, கார் இனிமே ஒழுகாதாம்! அப்பாவே சொன்னாரு!"

"யார்கிட்டடி சொன்னாரு?"

"வாங்க வந்தவங்ககிட்ட. பாப்பாவ வெச்சுக்கிட்டுக்கூடப் போலாமாம்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா உள்ளே வந்தார். அம்மா எழுந்து போய் மூன்று பேருக்கும் தட்டு வைத்துப் பரிமாறினாள். அம்மாவும் அப்பாவும் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சோற்றில் கை வைக்கவில்லை. வீட்டில் சண்டை ஒருவழியாக ஓய்ந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், நான் மட்டும் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.