சோதனை அறைக்குள் வெறுங்காலோடு

மகனுக்கு மின்சாரம் தாக்கியது, உயிருக்கு ஆபத்தில்லை, புறப்பட்டு வரவும் என்று தந்தி வந்தது. அதில் நடுவில் இருந்ததை நான் நம்பவில்லை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ், அங்கிருந்து ரயில். என் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

வடக்கே, டிரான்ஸ்பார்மர் செய்கிற பெரிய கம்பெனியில் அவனுக்கு வேலை. ஆஸ்பத்திரியே கம்பெனிக்குள் இருந்தது. வலது கையில் முழங்கை வரை கட்டோடு படுத்திருந்தான். நடந்ததை அவனே சொன்னான்.

முதலில் அவனுக்கு வார்ப்படக் கொட்டகையில் வேலை. அங்கே கொடுத்த ரப்பர் அடி வைத்த பூட்ஸ், இரும்பு விழுந்தால் காலில் அடிபடாமலிருக்க என்று மட்டும் நினைத்திருக்கிறான். பிறகு, செய்து முடித்ததில் மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கிற சோதனை அறைக்கு மாற்றினார்கள். பூட்ஸ் போடவேண்டும் என்று சுவரில் பலகை உண்டு. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இவன் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அன்று தரை ஈரம்; கை ஒரு கம்பியில் பட்டுவிட்டது.

"எதுக்கு மக்கா கழத்துன?"

"மேல விழ அங்கன இரும்பு ஒண்ணும் இல்லம்மா. தரை கண்ணாடி மாதிரி கெடந்து. நம்ம மில்லுல அப்படித்தானே கேறுவோம்?"

எங்களுக்குச் சின்னதாக ஒரு நெல் மில் உண்டு. நெல் கிடக்கிற தரையில் செருப்புக்காலோடு யாரும் ஏறமாட்டார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. அவன் நடை பழகியது அந்தத் தரையில்.

ஃபோர்மன் பார்க்க வந்தார். நல்ல மனிதர், தமிழ் பேசினார், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். "இத்தனை நாளா வெறுங்காலோட நின்னதை நீங்க பார்க்கலையா?" என்றேன்.

"எனக்குக் கீழே இருநூறு பேரும்மா. ஒவ்வொருத்தர் காலையும் எப்படிப் பார்ப்பேன்?"

அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் டாக்டர் காலையும் மாலையும் வந்தார். படுத்திருந்த நாட்களுக்கும் சம்பளம் பிடிக்கவில்லை. "நம்ம மில்லு பெல்ட்டுல ஒருத்தனுக்கு விரலு போனா, தேங்காண்ணெயத் தேச்சு வீட்டுக்கு அனுப்புவோம்" என்றார் என் வீட்டுக்காரர். அதையும் மறுக்க முடியவில்லை.

கை ஆறும்வரை அவனை ஊருக்கு அழைத்து வந்தோம். திரும்பப் போகக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

"எலே, மில்லு ஒனக்குத்தானே. அங்கன என்னத்தக் கண்ட?" என்றார் அவன் அப்பா.

"ஒண்ணும் முழுசாக் காணல்ல. கம்பி சுத்துகவன் கம்பிதான் சுத்துவான். நான் வயரு மாட்டி விட்ட மெஷினு எந்த ஊருக்குப் போச்சுன்னுகூடத் தெரியாது."

"பொறவு எதுக்குப் போணும்?"

"ஒரு வீடு உசரத்துக்கு மெஷினு, அப்பா. அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க அங்கன இருக்காங்க. கேட்டாச் சொல்லுவாங்க. இங்கன யாருட்ட கேக்க? ஒங்ககிட்டயா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஆனால் மில்லில் உட்கார வைத்தால் அவன் முகம் எப்படியிருக்கும் என்பது தெரிந்துவிட்டது.

மானேஜருக்கு நானே ஆங்கிலத்தில் எழுதினேன். புதிதாக வருகிறவர்களிடம் பூட்ஸ் எதற்கென்று அவரவர் பாஷையில், வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மகனைத் திரும்பப் போகவிட ஒரு நிபந்தனை வைத்தேன். கம்பெனி சொல்லாவிட்டால் அவன் சொல்ல வேண்டும்.

"அது என் வேலையில்லம்மா. அங்கன ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வேலை."

"அப்ப நான் வந்து கம்பெனி கேட்டுல நின்னு சொல்லுகேன்."

"ஐயோ, மானம் போவும்!"

"போவட்டு. உயிரு கெடக்குமில்லா?"

போனான். இரண்டாவது வாரமே, புதிதாக வந்த இருவரைச் சோதனை அறை வாசலில் நிறுத்தித் தன் கையைக் காட்டிப் பேசினானாம். ஃபோர்மன் தடுக்கவில்லையாம். மானேஜரிடமிருந்து எனக்குப் பதில் இல்லை. இன்று காலை அவருக்கு மறுபடி எழுதிப் போட்டுவிட்டேன்.